மாநாட்டு ஸ்பான்சர்ஷிப்பும் கணக்கு வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாப நோக்கற்ற அமைப்புகள் நடத்தும் தொழில்நுட்ப மாநாடுகளில் ஸ்பான்சர் பிடிக்கும் வேலையும் கணக்கு எழுதும் வேலையும் மாறி மாறி என் தலையில் விழுந்திருக்கின்றன. பணம் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள், டிக்கெட் வாங்கி வருபவர்கள், புதிதாகக் குழுவில் சேரும் தன்னார்வலர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். சட்டம் வரும் இடங்களில் பெரும்பாலும் அமெரிக்க விதிகளைச் சொல்கிறேன், ஏனென்றால் உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வரும் பெரிய மாநாடுகளை நடத்தும் அமைப்புகளில் பல அங்கேதான் பதிவாகியிருக்கின்றன.

லாப நோக்கற்ற அமைப்புன்னு சொல்றாங்க. ஆனா மாநாட்டுல பணம் மிஞ்சுதாமே, அது எப்படி?

மிஞ்சலாம். மிஞ்சியதை உரிமையாளர் என்று யாரும் பங்கு போட்டு எடுத்துப்போகக் கூடாது, அதுதான் விதி. உபரி அமைப்பின் நோக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைப்பதையும் விதி தடுக்கவில்லை. சம்பளம் நியாயமான அளவில் இருந்தால் போதும்.

சில அமைப்புகளுக்கு மாநாடுதான் அடுப்பு எரிய வைக்கும் வருமானம். பைத்தான் என்ற நிரல்மொழிக்குப் பின்னால் இருக்கும் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் 2001-ல் தொடங்கியது. அமெரிக்காவில் அது நடத்தும் பைகான் மாநாடு பல ஆண்டுகளாக அதன் வருவாயில் பெரிய பங்கைத் தந்திருக்கிறது. ஆகவே அங்கே ஸ்பான்சர் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அரங்க வாடகைக்கும் காபிக்கும் போகும், இன்னொரு பகுதி ஆண்டு முழுவதும் நடக்கும் வேறு வேலைகளுக்குப் போகும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் எவ்வளவு இதற்கு, எவ்வளவு அதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

டிக்கெட் காசு போதாதா? ஸ்பான்சர் எதுக்கு?

பெரும்பாலான சமூக மாநாடுகளில் டிக்கெட் விலை ஒரு ஆளுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. தெரிந்தே அப்படி வைக்கிறார்கள். மாணவர்களும் சொந்தக் காசில் வருபவர்களும் வர வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அந்த இடைவெளியை ஸ்பான்சர் நிரப்புகிறார்.

வேறு மாதிரியும் நடத்தலாம். பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் ஃபாஸ்டெம் மாநாட்டுக்கு டிக்கெட்டும் இல்லை, பதிவும் இல்லை. ஸ்பான்சர்கள், நன்கொடை, தன்னார்வலர் உழைப்பு என்று ஓடுகிறது. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் நடத்தும் ஆண்டு மாநாடு நேர் எதிர்: ஸ்பான்சரே கிடையாது, டிக்கெட் பணத்தில்தான் நடக்கிறது. வேலை செய்யும் தன்னார்வலர்களும் டிக்கெட் வாங்குகிறார்கள். இரண்டும் பல்லாண்டுகளாக நடந்து வருகின்றன. ஸ்பான்சர் இல்லாமல் மாநாடே முடியாது என்று யாராவது சொன்னால், "எங்கள் விலையில், எங்கள் இடத்தில், எங்கள் வசதிகளோடு முடியாது" என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்னதான் செலவு? ஒரு ஹால், ஒரு மைக், கொஞ்சம் காபி, அவ்வளவுதானே?

அந்தக் காபியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மாநாட்டு ஹோட்டலில் வெளிச் சாப்பாட்டைக் கொண்டுவர அனுமதி இருக்காது. மெனு விலைக்கு மேல் சேவைக் கட்டணம் வரும், அமெரிக்க ஹோட்டல்களில் அது 20 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பல இடங்களில் அந்தச் சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து வரி போடுவார்கள். ஒரு கணக்குக்கு மெனு விலை 100, சேவை 24 சதவீதம், வரி 8 சதவீதம் என்று வையுங்கள். 124 ஆகி, அதன் மேல் வரி ஏறி 133.92-ல் வந்து நிற்கும். மெனு அட்டையைப் பார்த்து பட்ஜெட் போட்டவர் மெனு விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தவறவிட்டிருப்பார். இதோடு "குறைந்தபட்சம் இவ்வளவுக்கு உணவு வாங்கியே ஆக வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். அரங்க வாடகையைத் தள்ளுபடி செய்தோம் என்று ஹோட்டல் சொன்னால், அந்தத் தொகை பெரும்பாலும் இந்தக் குறைந்தபட்சத் தொகைக்குள் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது அறைகள். பங்கேற்பாளர்களுக்குச் சலுகை விலையில் அறை வேண்டும் என்று அமைப்பு ஹோட்டலோடு ஒப்பந்தம் போடும். ஓர் இரவுக்கு 100 அறை, மூன்று இரவு, மொத்தம் 300. அதில் 80 சதவீதமாவது, அதாவது 240, நிரம்ப வேண்டும் என்று நிபந்தனை. ஆட்கள் பக்கத்தில் மலிவாக வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள், நிரம்பியது 190 மட்டுமே. மீதி 50-க்கான வாடகை அமைப்பின் தலையில். யாரும் படுத்துறங்காத அறைக்குக் கொடுக்கும் இந்தப் பணம், வெளியிடப்படும் கணக்குகளில் "இடச் செலவு" என்ற தலைப்புக்குள் காணாமல் போய்விடும்.

பிறகு ஒலி, ஒளி, ஒளிப்பதிவு, நேரடி வசன எழுத்து (பேசப் பேசவே பேச்சு திரையில் எழுத்தாக ஓடுவது), இணையம், காப்பீடு, குழந்தைகள் பராமரிப்பு, பயண உதவித்தொகை. ஒலி ஒளி வேலைக்கும் இணையத்துக்கும் பல அரங்குகள் தங்கள் ஆட்களையே வைக்கச் சொல்லும். வெளியாளைக் கொண்டுவந்தால் அதற்கும் தனிக் கட்டணம். போட்டி இல்லாத இடத்தில் விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேசறவங்களுக்குக் காசு கொடுக்கறதில்ல, வேலை செய்யறவங்க தன்னார்வலர்கள். அப்ப பணம் எங்க போகுது?

பெரும்பகுதி முந்தைய பதிலில் சொன்ன இடங்களுக்கு. உழைப்பு இலவசமாகக் கிடைத்தாலும் கட்டடம் இலவசமாகக் கிடைப்பதில்லை. பைகான் மாநாட்டில் பேச்சாளர்களும் ஏற்பாட்டாளர்களும்கூட டிக்கெட் வாங்கியே வர வேண்டும் என்ற வழக்கம் நீண்ட காலம் இருந்தது. முடியாதவர்களுக்கு உதவித்தொகை தனியாக உண்டு. யாருக்கு உண்மையில் தேவையோ அவருக்குப் பணம் போகட்டும் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம்னு ஏன் பிரிக்கறாங்க? தங்கத்தோட விலையை யார் முடிவு பண்றது?

பட்ஜெட்டில் விழுந்திருக்கும் ஓட்டைதான் முடிவு செய்கிறது. மொத்தச் செலவைப் போட்டு, டிக்கெட்டில் வரக்கூடியதைக் கழித்து, மீதியை எத்தனை பேர் தலையில் எப்படிப் பிரிப்பது என்று பார்ப்பார்கள். போன ஆண்டு யார் எவ்வளவுக்குச் சம்மதித்தார்கள் என்பதும் கையில் இருக்கும். கூடவே இதே அளவுள்ள மற்ற மாநாடுகளின் விலைப்பட்டியலை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள்.

தங்க ஸ்பான்சருக்குக் கொடுக்கும் லோகோவுக்கும் மேடை நன்றிக்கும் அமைப்புக்குப் பெரிய செலவு இல்லை. செலவு வைப்பவை ஸ்டாலும் இலவச டிக்கெட்டுகளும்தான். ஆகவே "இந்தத் தொகைக்கு எனக்கு என்ன பொருள் கிடைக்கிறது" என்று தராசில் போட்டுப் பார்த்தால் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற எந்தத் தட்டும் நியாயமாகத் தெரியாது. ஒரு பாதி விளம்பரம், ஒரு பாதி ஆதரவு. இரண்டாவது பாதியில் நம்பிக்கை இல்லாத கம்பெனி வெண்கலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்டால் எடுத்தா ஸ்பான்சர் தொகையோட முடிஞ்சுடுமா?

முடியாது. பெரிய கண்காட்சி அரங்குகளில் மின்சாரம், மேசை, நாற்காலி, தரைவிரிப்பு, இணையம் எல்லாம் தனித்தனி பில். அமெரிக்க அரங்குகளில் சுமை கையாளும் கட்டணம் என்று ஒன்று உண்டு: உங்கள் பெட்டி சரக்கு வாசலில் இறங்கி ஸ்டாலுக்கு வந்து சேர, 100 பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பெட்டி சின்னதாக இருந்தாலும் குறைந்தபட்ச எடைக்குக் கட்டணம் உண்டு. டி-ஷர்ட் அச்சடித்த செலவைவிட அதை உள்ளே கொண்டுவந்த செலவு கூடிப்போய் ஆட்கள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பணம் எதுவும் மாநாட்டை நடத்தும் அமைப்புக்கு வருவதில்லை, அரங்கத்தின் ஒப்பந்தக்காரருக்குப் போகிறது. கையெழுத்திடும் முன் "ஸ்டாலில் எது சேர்த்தி, எது தனி" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் எந்த ஏற்பாட்டாளரும் சொல்வார், கேட்காவிட்டால் பலர் மறந்துவிடுவார்கள்.

நாங்க சின்ன கம்பெனி. நாலு பேர். கொடுக்கற கொஞ்சம் பணம் எங்க போனா உருப்படியா இருக்கும்?

நேரடி வசன எழுத்து அல்லது பயண உதவித்தொகை. இரண்டும் பட்ஜெட் இடித்தால் முதலில் வெட்டப்படுபவை. ஒரு செலவுக்கென்றே குறித்துக் கொடுத்தால், அது நடந்ததா என்று பின்னால் சரிபார்ப்பதும் சுலபம்.

கணக்கைக் காட்டுங்கன்னு கேட்க எனக்கு உரிமை இருக்கா?

அமைப்பு எங்கே, எந்த வகையில் பதிவானது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் படிவம் 990 என்ற கணக்கைத் தாக்கல் செய்கின்றன. கடைசி மூன்று ஆண்டுகளுக்கான படிவங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். நேரில் போய்க் கேட்டால் அன்றே, எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள். பொதுவில் இணையத்தில் ஏற்றியிருந்தால் நகல் தர வேண்டியதில்லை. புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் இந்தப் படிவங்களை இலவசமாகத் தேடிப் படிக்க வசதி செய்திருக்கிறது, பெரும்பாலும் அமைப்பைத் தொந்தரவு செய்யாமலேயே கிடைத்துவிடும்.

இரண்டு ஓட்டைகள் உண்டு. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய அமைப்புகள் மின் அஞ்சலட்டை மாதிரி ஒரு சுருக்கப் படிவம் போட்டால் போதும், அதில் வரவு செலவு விவரம் எதுவும் இருக்காது. இன்னொன்று, காலதாமதம். நிதியாண்டு முடிந்து ஐந்தாம் மாதம் 15-ம் தேதி வரை அவகாசம், கேட்டால் இன்னும் ஆறு மாதம் நீட்டிப்பு. டிசம்பரில் ஆண்டை முடிக்கும் அமைப்பு பிப்ரவரியில் மாநாடு நடத்தியிருந்தால், அதன் கணக்கு அடுத்த ஆண்டு நவம்பரில்தான் வரலாம். அதற்குள் அடுத்த மாநாடும் முடிந்து அதற்கடுத்த மாநாட்டுக்கு ஸ்பான்சர் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

சரி, 990-ஐத் திறந்து பார்த்தேன். ஒண்ணும் புரியல. எங்க பார்க்கணும்?

மூன்றாம் பகுதியை முதலில் பாருங்கள். அமைப்பு தன் மூன்று பெரிய திட்டங்களைச் செலவு வரிசையில் விவரிக்கும், ஒவ்வொன்றுக்கும் செலவும் வருவாயும் பக்கத்திலேயே இருக்கும். மாநாடு அதில் தனித் திட்டமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஏழாம் பகுதியில் நிர்வாகிகளின் ஊதியமும், 1,00,000 டாலருக்கு மேல் வாங்கிய முதல் ஐந்து ஒப்பந்தக்காரர்களும் இருப்பார்கள். பெரிய மாநாடு என்றால் அரங்கம், ஹோட்டல், ஒலி ஒளி நிறுவனம் ஆகியவற்றின் பெயர் இங்கே தட்டுப்படலாம்.

ஒன்பதாம் பகுதியில் 19-வது வரி "மாநாடுகள், கூட்டங்கள்" என்று இருக்கும். பலர் அதை எடுத்து, "மாநாட்டுக்கு இவ்வளவுதான் செலவு, வரவு அவ்வளவு, பார்த்தீர்களா கொள்ளையை" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரியைத் தனியாக எடுத்தால் கணக்கு தப்பும். ஊழியர்கள் வெளி மாநாடுகளுக்குக் கட்டிய நுழைவுக் கட்டணமும் அதில் சேரும். ஆனால் மாநாட்டுக்காக ஆன பயணம் 17-வது வரியில், சம்பளம் 5 முதல் 7 வரையில், காப்பீடு 23-ல் என்று சிதறிக் கிடக்கும். வரவுப் பக்கமும் அப்படித்தான்: ஸ்பான்சர் தொகையைச் சிலர் நன்கொடைத் தலைப்பில் காட்டுவார்கள், சிலர் திட்ட வருவாயில்.

அடிப்படையில் இந்தப் படிவம் ஒரு அமைப்பின் ஓராண்டைப் பற்றியது. ஒரு மாநாட்டைப் பற்றிச் சொல்ல அது எழுதப்படவே இல்லை. வரித்துறைக்கு வேண்டிய கணக்கு வேறு, ஸ்பான்சருக்கும் பங்கேற்பாளருக்கும் வேண்டிய கணக்கு வேறு. இரண்டாவதை எந்தச் சட்டமும் கேட்பதில்லை, அமைப்பாக விரும்பித்தான் வெளியிட வேண்டும். "எங்கள் 990 பொதுவில் இருக்கிறதே" என்று ஓர் அமைப்பு பதில் சொன்னால், அது பொய்யில்லை, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை.

அமைப்பு அமெரிக்காவுல இல்லன்னா?

இங்கிலாந்தில் பதிவான அறக்கட்டளைகளின் விவரம் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் கிடைக்கும், குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டியவை முழுக் கணக்கையும் தர வேண்டும். ஜெர்மனியின் பதிவுபெற்ற சங்கங்களுக்குப் பொதுமக்களிடம் கணக்கு காட்டும் பொதுவான கடமை இல்லை. உறுப்பினர் கூட்டத்தில் சொன்னால் போதும். அங்கே கணக்கு பார்க்க நேர்வழி, உறுப்பினர் ஆவதுதான்.

501சி3, 501சி6ன்னு சொல்றாங்களே, எங்களுக்கு அதனால என்ன வித்தியாசம்?

இரண்டும் அமெரிக்க வரிச்சட்டப் பிரிவுகள். முதலாவது பொதுநலன், கல்வி போன்றவற்றுக்கான அறக்கட்டளை, பைத்தான் ஃபவுண்டேஷன் இந்த வகை. இரண்டாவது ஒரு தொழில்துறையின் நலனுக்கான சங்கம், லினக்ஸ் ஃபவுண்டேஷன் இந்த வகை. சி6 அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்த கம்பெனிகள் தங்கள் தொழில் நலனுக்காகப் பணம் போடுவது இயல்பு, அதற்காகத்தான் அந்த வகையே. தனிநபர் நன்கொடை கொடுத்து வரிச்சலுகை எதிர்பார்ப்பது சி3-ல்தான் செல்லும். கம்பெனிக்கு இது பெரிய விஷயமில்லை, ஸ்பான்சர்ஷிப்பை இரண்டிலும் தொழில் செலவாக எழுதிக்கொள்ளலாம். படிவம் 990 இரண்டுக்கும் உண்டு.

எங்க மாநாட்டுக்குன்னு தனி அமைப்பே இல்ல. வேற ஒரு அமைப்போட கணக்குலதான் பணம் இருக்கு. அது சரியா?

சரிதான், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தாய் அமைப்பு வங்கிக் கணக்கு, ஒப்பந்தக் கையெழுத்து, வரித்தாக்கல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், பதிலுக்கு வரவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். டெபியன் இயங்குதளம் போன்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பணம் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரெஸ்ட் 5 சதவீதம் எடுக்கிறது, சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 சதவீதம். ஒரு வழக்கறிஞரையும் கணக்காளரையும் தனியாக வைத்துப் பாருங்கள், அந்தப் பங்கு மலிவாகத் தெரியும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். தாய் அமைப்பின் 990-ல் உங்கள் மாநாடு பத்தோடு பதினொன்றாகக் கரைந்துவிடும், முன்பு சொன்ன பிரச்சினை இன்னும் கூடும். ஓபன் கலெக்டிவ் போன்ற தளத்தில் ஒவ்வொரு வரவும் செலவும் பொதுவில் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வது ஒரு தீர்வு. அதிலும் பணத்தைச் சட்டப்படி வைத்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தளத்தில் பல குழுக்களின் பணத்தை வைத்திருந்த ஓபன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன், 2024 தொடக்கத்தில் மூடப்போவதாக அறிவித்து, அந்த ஆண்டோடு முடித்துக்கொண்டது. தளம் இருந்தது, மற்ற தாய் அமைப்புகளும் இருந்தன, ஆனால் அங்கே இருந்த குழுக்கள் எல்லாம் அவசர அவசரமாக வேறு இடம் தேட வேண்டி வந்தது.

எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்ததுன்னு பட்டியல் போட்டா என்ன குறைஞ்சுடும்?

தட்டு விலை பொதுவில் இருந்தால் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது: மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டவருக்குத் தள்ளுபடி, பழைய நண்பருக்குத் தள்ளுபடி, கடைசி வாரத்தில் வந்தவருக்குத் தள்ளுபடி. முழு விலை கொடுத்தவர் இதைப் பார்த்தால் அடுத்த ஆண்டு அவரும் கேட்பார். 990-லும் நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல் பொதுமக்களுக்குக் காட்டப்படும் பகுதியில் வராது.

பெயர் வாரியாகத் தொகை போட வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். மொத்த ஸ்பான்சர் வரவில் முதல் ஸ்பான்சரின் பங்கு எத்தனை சதவீதம், முதல் மூவரின் பங்கு எத்தனை என்று சொன்னால் போதும். ஒரே கம்பெனி பாதியைக் கொடுக்கிறது என்றால், அது விலகினால் மாநாடு நிற்கும், விலகாமல் இருக்க அதன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வார்கள். பேச்சுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் யார் என்பதை அந்த எண்ணின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பணமா தராம சர்வர், கிளவுட் கிரெடிட்னு தர்றாங்களே, அதை வரவுல சேர்க்கலாமா?

ஒரு கேள்வி போதும்: அதைத் தராவிட்டால் பணம் கொடுத்து வாங்கியிருப்போமா? ஒலிப்பதிவுக் கருவியை இலவசமாகத் தந்தால் பட்ஜெட்டில் ஒரு செலவு உண்மையிலேயே குறைகிறது, தாராளமாகச் சேர்க்கலாம். பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் கிளவுட் கிரெடிட் கூப்பன் (கம்பெனியின் இணையவழி சர்வரைக் காசில்லாமல் பயன்படுத்த) தந்தால் அது கம்பெனியின் விளம்பரம். அதைப் பட்டியல் விலையில் கணக்குப் போட்டு ஒருவரைத் தங்கத் தட்டில் ஏற்றினால், பணம் கொடுத்து ஏறியவருக்கு அநியாயம். இலவசமாகக் கிடைத்த உழைப்பும் இடமும் 990-ன் வருவாய்ப் பகுதியில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். தன்னார்வலர்களால் ஓடும் மாநாடு அந்தப் படிவத்தில் பார்த்தால் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும்.

ஸ்பான்சர் கொடுத்தா மேடையில பேச இடம் தர்றாங்க. இது விலைக்கு விற்கிறது இல்லையா?

விற்பதுதான். "ஸ்பான்சர் பேச்சு" என்று நிரலில் எழுதிவிட்டு விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, கேட்பவர் தெரிந்துகொண்டு உட்காரலாம். மற்றப் பேச்சுகளோடு கலந்து, பெயர் மறைத்துத் தேர்ந்தெடுத்தது போலக் காட்டுவதுதான் மோசம்.

வரிச்சட்டமும் இதைக் கவனிக்கிறது. அமெரிக்காவில் 1997-ல் வந்த ஒரு திருத்தத்தின்படி, ஸ்பான்சர் தொகைக்குப் பதிலாக அமைப்பு வெறும் நன்றி மட்டும் தெரிவித்தால் அந்தத் தொகைக்கு வரி இல்லை. பெயர், லோகோ, முகவரி போடலாம். "சந்தையிலேயே சிறந்தது" என்று ஒப்பிட்டுப் புகழ்ந்தாலோ, விலை சொன்னாலோ, வாங்குங்கள் என்று அழைத்தாலோ அது விளம்பரமாகிவிடும். திருப்பித் தரும் பலன்களின் மதிப்பு தொகையில் 2 சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். தாண்டினால் பலனின் மதிப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். "கூட்டம் இவ்வளவு வந்தால்தான் பணம்" என்ற நிபந்தனையோடு வரும் தொகைக்கும் இந்தச் சலுகை இல்லை. ஸ்பான்சர் அறிமுக வாசகத்தை ஏற்பாட்டாளர் வெட்டித் தட்டையாக்கி அனுப்பினால் கோபப்படாதீர்கள், பல நேரம் காரணம் இதுதான்.

போன வருஷம் நல்லா மிஞ்சிச்சு. அப்ப இந்த வருஷம் ஸ்பான்சர் தொகையைக் குறைக்க வேண்டாமா?

கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பேசலாம். 2020-ல் பிட்ஸ்பர்க் நகரில் நடக்கவிருந்த பைகான் பெருந்தொற்றால் ரத்தாகி இணையத்துக்குப் போனது. அந்த ஆண்டு பல அமைப்புகளுக்கு மாநாட்டு வருமானம் ஒரே அடியில் நின்றது. அதற்குப் பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் தொற்றுநோயைப் பெரும்பாலும் விலக்கிவிட்டுத்தான் ரத்துக் காப்பீடு தருகின்றன. ஹோட்டல் ஒப்பந்தத்திலோ, நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஒரு மாநாட்டை ரத்து செய்தாலும் அமைப்பு கவிழாத அளவுக்குப் பணம் இருக்க வேண்டும் என்பது பேராசை இல்லை.

காற்று மாறவும் நேரம் ஆகாது. பைத்தான் ஃபவுண்டேஷன் உலகெங்கும் சிறிய மாநாடுகளுக்குக் கொடுத்துவந்த நிதியுதவித் திட்டத்தை, அந்த ஆண்டுக்கான பணம் தீர்ந்துவிட்டதால், 2025 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. அதை நம்பி பட்ஜெட் போட்டிருந்த குழுக்களுக்குக் கஷ்டம்தான். என் அளவுகோல் இது: கையிருப்புக்கு ஓர் உச்சவரம்பு எழுத்தில் இருக்க வேண்டும். ரத்துச் செலவும் சில மாத நிர்வாகச் செலவும் என்று ஒரு தொகையைச் சொல்லி, அதைத் தாண்டினால் எங்கே போகும் என்றும் சொல்லியிருந்தால், உபரியைப் பற்றி நான் கேள்வி கேட்க மாட்டேன். வரம்பே இல்லாமல் "எதிர்காலத்துக்கு" என்று சேர்த்துக்கொண்டே போனால் கேட்பேன்.

கணக்கை வெளியிட்டா ஹோட்டல்காரர் அடுத்த வருஷம் விலை ஏத்திடுவாருன்னு சொல்றாங்க. நெஜமா?

கொஞ்சம் நிஜம். பேரம் பேசி வாங்கிய விலையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதும் உண்டு. மாநாட்டுக்கு ஓர் ஊழியர் மட்டுமே என்றால், சம்பளத்தைத் தனித் தலைப்பில் போட்டால் அவர் சம்பளத்தை ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும். இவை நியாயமான தயக்கங்கள்.

ஆனால் இவற்றுக்குத் தீர்வு, தலைப்புகளைச் சேர்ப்பது. இடம், உணவு, அறை இழப்பீடு மூன்றையும் ஒரே வரியாக்கினால் எந்த ஹோட்டலுக்கும் துப்பு கிடைக்காது. சம்பளத்தை மற்ற நிர்வாகச் செலவோடு சேர்க்கலாம். தலைப்புகளைச் சேர்த்து வெளியிட வழி இருக்கும்போது ஒன்றுமே வெளியிடாமல் இருப்பதற்கு ஹோட்டலைக் காரணம் காட்டுவதை நான் ஏற்பதில்லை. டெபியன் சமூகத்தின் டெப்கான்ஃப் மாநாடு ஹோட்டல்களோடும் அரங்குகளோடும் பேசித்தான் நடக்கிறது, அவர்கள் மாநாடு முடிந்தபின் இறுதி அறிக்கை வெளியிடும் வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

கேட்டுப் பார்த்தோம், மழுப்பறாங்க. என்ன செய்யறது?

முதலில் கேள்வியை மாற்றிப் பாருங்கள். "கணக்கைக் காட்டுங்கள்" என்றால் குற்றம் சாட்டுவது போல இருக்கும், தன்னார்வலர் ஒருவர் இரவு உட்கார்ந்து தயாரிக்க வேண்டிய வேலையாகவும் இருக்கும். "போன மாநாட்டில் மொத்த வரவு, மொத்த செலவு, பயண உதவிக்குப் போனது, இந்த மூன்று எண்ணும் வேண்டும்" என்று கேளுங்கள். கணக்கு எழுதுகிறவரிடம் இருக்கக்கூடிய எண்கள்தான் இவை. ஒரு வாரத்தில் வராவிட்டால், கணக்கு ஒளிக்கப்படுகிறது என்பதைவிட எழுதப்படவே இல்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஸ்பான்சராக இருந்தால் உங்கள் கையில் இன்னொரு வழி உண்டு. அடுத்த ஒப்பந்தத்தில் "மாநாடு முடிந்து இத்தனை நாளில் வரவு செலவுச் சுருக்கம் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்டால் மூலை மாற வேண்டும், இன்னும் நாலு டிக்கெட் வேண்டும் என்று பேரம் பேசும் நேரத்தில் இதைக் கேட்கலாம்.

நாங்களே முதல் தடவையா கணக்கு வெளியிடப் போறோம். எப்படிப் போடறது?

ஒரே பக்கம். ஒவ்வொரு தலைப்புக்கும் நேராக உத்தேசம், உண்மை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் பெரிதாக உள்ள இடத்தில் ஒரு வாக்கியம்: "அறைகள் நிரம்பாததால் இழப்பீடு", "நேரடி வசன எழுத்துக்குத் தனி ஸ்பான்சர் கிடைத்தார்" என்கிற மாதிரி. படிப்பவர்கள் எண்களைவிட இந்த வாக்கியங்களைத்தான் படிக்கிறார்கள். கீழே மூன்று தனி எண்கள்: முதல் ஸ்பான்சரின் பங்கு, தாய் அமைப்புக்குப் போன பங்கு, கையிருப்புக்குப் போனது.

எல்லாப் பணமும் வந்து சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் பில் கொடுத்து 60, 90 நாள் கழித்துத்தான் பணம் அனுப்பும், ஒன்றிரண்டு அதற்கும் மேல் இழுக்கும். மூன்று மாதத்துக்குள் "தற்காலிகக் கணக்கு" என்று தலைப்பிட்டு, வர வேண்டிய பாக்கியைத் தனி வரியில் காட்டி வெளியிட்டுவிடுங்கள். பாக்கி வந்ததும் அதே பக்கத்தைத் திருத்தி, திருத்திய தேதியைப் போடுங்கள்.